ஒன்பது அங்குல ஓஸ்தி

30-3-1986. சுட்டது 520. வாங்கியவர்கள் 561. துண்டு 82.
3-4-1994. சுட்டது 540. வாங்கியவர்கள் 612. துண்டு 144.
20-4-2003. சுட்டது 575. வாங்கியவர்கள் 689. துண்டு 228.
24-4-2011. சுட்டது 590. வாங்கியவர்கள் 748. துண்டு 316.
21-4-2019. சுட்டது 600. வாங்கியவர்கள் 793. துண்டு 386.
17-4-2022. சுட்டது 610. வாங்கியவர்கள் 836. துண்டு 446.

மேலே இருப்பவை எல்லாம் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகள். கணக்கு எழுதியவள் அமலா. செஞ்சிக் கோட்டைக்குத் தெற்கே ஒரு மாதா கோயில், அதை ஒட்டி ஒரு கன்னியர் மடம். அந்த மடத்துச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நாற்பத்தொரு வருடம் ஓஸ்தி சுட்டவள். ஓஸ்தி என்றால் பூசையில் கொடுக்கிற அப்பம். கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறொன்றும் அதில் சேரக்கூடாது, உப்புகூடக் கூடாது. சூடான இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றி அமுக்கினால் காகிதம்போல ஒரு தகடு வரும். அதை ஒன்றேகால் அங்குல வட்டங்களாக வெட்டி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவ்வளவு எளிய வேலையில் ஒரு ஊர் எத்தனை அற்பத்தனத்தை நுழைக்க முடியுமோ அத்தனையையும் நுழைத்திருந்தது.

பூசையில் ஓஸ்தி வாங்குவதை நன்மை வாங்குவது என்பார்கள். அந்தக் கோயிலில் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தெரு, பிறகு காலனி. எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் வெட்கமாக இருக்கும் என்று தெரிந்த அளவுக்கு அவர்கள் படித்தவர்கள். தெருக்காரர்கள் எழுந்து வரிசையாகப் போய் வாங்கிவிட்டு வந்து மண்டியிட்ட பிறகு, இடது பக்கம் பின்னால் உட்கார்ந்திருக்கும் காலனி எழுந்திருக்கும். பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மழை வந்தால் குடை விரிப்பதுபோலத் தானாகக் கற்றுக்கொள்வார்கள்.

எத்தனை ஓஸ்தி சுட வேண்டும் என்று கோயில் கமிட்டியிலிருந்து ஒரு சீட்டு வரும். தெருவின் எண்ணிக்கை ஒவ்வொரு வருடமும் வீடுவீடாகப் பார்த்துத் திருத்தப்படும். கல்யாணமாகி வந்த மருமகள், லீவுக்கு வந்த பேரன் எல்லாம் அதில் அடக்கம். அதற்குக் கீழே ஒரு வரி: காலனி, 220. அமலா வேலைக்கு வந்த 1982-ல் அது சரியான கணக்குதான். அதற்குப் பிறகு நாற்பது வருடம் காலனியில் யாரும் பிறக்கவில்லை என்று கமிட்டி முடிவு செய்திருந்தது.

சீட்டுக்கு அளந்துதான் மாவு. ஓஸ்தி குறைந்தால் சாமியார் உடைப்பார். காலனி வரிசை எழுந்திருக்கும்போதே உடைக்கத் தொடங்கிவிடுவார். அப்போதுதான் கடைசி வரைக்கும் போதும். பாதிப் பாதியாக உடைப்பார். 2022-ல் பாதியும் போதாமல் சிலருக்குக் கால். அன்றைக்குக் காலனியில் நானூற்று நாற்பத்தாறு பேர் வாங்கினார்கள். முழு ஓஸ்தி வாங்கியவர் ஒருவரும் இல்லை.

இருநூறு ஓஸ்திக்கு ஒரு ஆழாக்கு மாவுகூட வேண்டாம். ஒரே ஒரு முறை, 2004 ஈஸ்டருக்கு, அமலா தன் கையிலிருந்து அந்த ஆழாக்கு மாவைப் போட்டுச் சுட்டாள். மறுநாள் கமிட்டிச் செயலாளர் ஆனந்தராஜ் மடத்துக்கு வந்தார். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். இலத்தீன் தெரியும் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார்.

"எண்ணிக்கைக்கு மேல யாரைக் கேட்டும்மா சுட்ட?"

"பத்தலயே சார். வருஷா வருஷம் ஒடைச்சிக் குடுக்கறாங்க."

"ஒடைச்சா இன்னா? துண்டுலயும் ஆண்டவர் முழுசாதான் இருக்காரு. ஞானோபதேசம் படிச்சியா இல்லியா நீ?"

அமலா எட்டாவது வரை படித்தவள், ஞானோபதேசமும் படித்தவள். அந்தப் பதில் சரியானது என்று அவளுக்குத் தெரியும். சரியான பதில் எப்போதும் ஏன் காலனிக்கு மட்டும் சொல்லப்படுகிறது என்பதுதான் தெரியவில்லை. அந்த வாரமே மாவு டப்பாவுக்குப் பூட்டு வந்தது. சாவி கமிட்டியிடம்.

அமலாவின் புருஷன் நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர், 2009-ல் இறந்துவிட்டார். ஒரே மகள் கலைச்செல்வி திண்டிவனத்தில் நர்ஸ். வீட்டில் அமலாவும் அவள் அம்மா காத்தாயியும். ஞானஸ்நானப் பதிவேட்டில் அம்மாவின் பெயர் சவரியம்மாள். அந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் காட்டில் களை எடுத்தே முதுகு வளைந்தவள். வாய் மட்டும் வளையவில்லை. 2022 ஈஸ்டர் அன்று எண்பத்துநாலு வயதில் வரிசையின் கடைசியில் நின்று கால் ஓஸ்தி வாங்கிக்கொண்டு வந்து, மகளிடம் சத்தமாகவே சொன்னாள்:

"இதுக்கு ரேஷன் கடை பரவால்லடி. அங்க எடைலதான் கொறையும். உருவம் மாறாது."

பக்கத்தில் மண்டியிட்டிருந்த பெண்கள் சிரிப்பை அடக்கத் தலையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். அந்த நவம்பரில் காத்தாயி இறந்தாள். அடக்கம் முடிந்து திரும்பிய அமலாவுக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. அடுத்த மே மாதம் கோயிலுக்கு நூறு வயது. அந்த நூற்றாண்டுப் பூசையில், ஒரே ஒரு நாளாவது, தெருவும் காலனியும் ஒரே அப்பத்திலிருந்து வாங்க வேண்டும். பாதியோ காலோ, எல்லாருக்கும் அதே.

முதலில் நேர்வழிதான் போனாள். 6-2-2023 அன்று, மேலே கண்ட எண்களையெல்லாம் எழுதி, பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்குக் கடிதம் போட்டாள். கலைச்செல்வி டைப் செய்து கொடுத்தாள். 3-3-2023 அன்று பதில் வந்தது. நான்கு வரி. பங்குத்தந்தையிடம் பேசவும் என்றிருந்தது.

கோயிலின் சாமியாரான பங்குத்தந்தை விமல்ராஜ் முப்பத்தெட்டு வயதுக்காரர். ஊருக்கு வந்து ஒன்பது மாதம். கெட்டவர் என்று சொல்ல முடியாது; நல்லவர் என்று சொல்லும்படி அதுவரை எதுவும் செய்யவும் இல்லை. அமலா நோட்டைக் காட்டியதும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அமலாம்மா, நான் கமிட்டில சொல்லிப் பாக்குறேன்."

சொல்லிப் பார்த்தார். வழக்கம் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சாமியார் எழுந்து ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

அதற்குள் நூற்றாண்டு மலருக்கான ஆரவாரம் தொடங்கிவிட்டது. மலரின் ஆசிரியர், ஓய்வு பெற்றுவிட்ட ஆனந்தராஜ்தான். பன்னிரண்டாம் பக்கத்தில் அவரே ஒரு கட்டுரை எழுதினார்: நற்கருணை என்னும் சொல்லின் வேர். ஏப்ரல் 23, ஞாயிறு பூசை முடிந்ததும் ஒலிபெருக்கி வைத்து, பகிர்வுக் கூட்டம் என்று பெயரிட்டு, அந்தக் கட்டுரையை முழுதாக வாசித்தார். நாற்பத்தைந்து நிமிடம். வெள்ளைக்காரன் சொல்லும் கம்யூனியன் என்பது இரண்டு துண்டு என்றார்: 'கம்' என்றால் கூட, 'யூனியன்' என்றால் ஒன்றிப்பு. ஆகவே எல்லோரும் ஒன்றாவதே நற்கருணை. கைதட்டினார்கள்.

இலத்தீன் தெரிந்தவர் சொல்ல வேண்டியது அதுவல்ல. 'கொம்மூனியோ' என்ற அந்தச் சொல்லின் பின்பாதியில் ஒன்றிப்பு கிடையாது. அங்கே இருப்பது 'மூனுஸ்'. ஒருவர் மேல் விழுகிற கடமை, சுமை, கொடுத்தே ஆக வேண்டிய கொடை, இவை மூன்றுக்கும் ரோமர்கள் வைத்திருந்த ஒரே சொல் அது. சுமையைக் கூட்டாகத் தூக்குகிறவர்களுக்கே அந்தச் சொல் பொருந்தும். ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மறுபக்கத்தைத் தூக்கச் சொல்கிறவர்களுக்குப் பொருந்தாது. ஓஸ்தி என்பதற்கும் மூலம் இலத்தீனே: பலியிடப்பட்டது என்று பொருள். தமிழில் இதற்கு வழங்கிய பெயர்கள் சற்பிரசாதம், நற்கருணை, திருவிருந்து, வாய்ப்பேச்சில் நன்மை. இவை எல்லாவற்றுக்கும் முந்தியது அப்போஸ்தலர் காலத்துப் பெயர். அவர்கள் அதை அப்பம் பிட்குதல் என்றுதான் சொன்னார்கள். ஓர் அப்பத்தை எடுத்து, பிட்டு, இருந்த எல்லாருக்கும் கொடுத்தார்கள். அன்றைக்குத் துண்டு வாங்காதவர் எவரும் இல்லை.

இதில் கடைசிச் செய்தி அமலாவுக்குத் தெரிந்திருந்தது. மடத்து அலமாரியில் பூசைப் புத்தகம் ஒன்று உண்டு. அதன் முன்பக்கங்களில் இருக்கும் விதிகளை யாரும் படிப்பதில்லை. அடுப்புச் சூடேறும் வரை சும்மா உட்கார்ந்திருப்பவள் ஒருத்திதான் படித்தாள். மக்களில் சிலருக்காவது பிட்டுக் கொடுக்கும்படி அப்பம் பெரிதாக இருப்பது நல்லது, பிட்குதல் என்ற பெயரே அதிலிருந்து வந்தது, என்று அதில் இருந்தது. சிலருக்காவது என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாள்.

பகிர்வுக் கூட்டத்துக்கு மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அன்வர் பாஷாவின் பட்டறைக்குப் போனாள். ஓஸ்தி வெட்டும் அச்சு மழுங்கினால் சாணை பிடித்துக் கொடுப்பவர் அவர்தான்.

"பாய், ஒரு வளையம் வேணும். எவர்சில்வர். ஓரம் கூரா இருக்கணும். ஒம்போது அங்குலம்."

"ஒம்போதா?" அன்வர் பாஷா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இன்னாக்கா, சாமிக்கு ஊத்தப்பம் போடறியா?"

"அப்படித்தான் வெச்சிக்கோ."

"ஒரு ஆளு அத எப்படி முழுங்குவான்?"

"முழுங்க முடியாது. பிச்சித்தான் குடுக்கணும். எல்லாருக்கும்."

முப்பது வருடமாக அச்சு சாணை பிடிப்பவருக்கு அந்தக் கோயிலின் வழக்கம் தெரியாமல் இருக்காது.

"ஆனந்தராஜ் சாருக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா பூசைக்கு மணி அடிக்கறப்பதான் தெரியும்."

"அடி ஆத்தே! ஒன்ன வேலய வுட்டு எடுத்துருவாங்கக்கா."

"எடுக்கட்டும். அறுபத்திமூணு ஆச்சி. நானா போறதுக்கு அவங்க அனுப்பறது மரியாத."

அன்வர் பாஷா தண்ணீர்த் தொட்டி மூடிக்காக வாங்கி வைத்திருந்த தகட்டை எடுத்து அளக்கத் தொடங்கினார். சுட்டதை நடுங்காமல் வெட்டிப் பழகட்டும் என்று பூசைக்கு மூன்று நாள் முன்னதாகவே செய்து கொடுத்தார்.

சாமியாரிடம் அமலா பொய் சொல்லவில்லை. மே 20 அன்று, தோரணக் கம்பம் நடுகிற இடத்தில் அவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "சாமி, நூற்றாண்டுக்குப் பெரிய ஓஸ்திதான் சுடப்போறேன், பிட்டுக் குடுக்கற மாதிரி" என்றாள். அவர் தலையாட்டினார். பந்தல்காரன் கேட்டதற்கும் அதே தலையாட்டல்தான்.

கமிட்டிச் சீட்டு வந்தது. தெரு 410. விருந்தினர் 60. காலனி 220.

28-5-2023, ஞாயிறு. பத்து மணிக்குப் பூசை. ஒன்பதே முக்காலுக்குப் பூசை அறையில் ஆனந்தராஜ் வெள்ளித் தட்டின் மேலிருந்த துணியைத் தூக்கினார். பத்து அப்பங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். சின்ன ஓஸ்தி ஒன்றுகூட இல்லை.

"இன்னாம்மா இது? சின்னது எங்க?"

"சின்னது இல்ல சார். இதுதான்."

"இதுதான்னா? ஆயிரம் பேரு உக்காந்துனு இருக்காங்க வெளில! பெரிய சாமியாருங்க ரெண்டு பேரு வந்துருக்காங்க!"

"ஒண்ணுக்கு நூறு துண்டு வரும் சார். ஆயிரம் பேருக்குப் போதும். மாவுகூட நீங்க குடுத்த அளவுதான். எண்ணிக்கைக்கு மேல ஒரு பிடி போடல."

ஆனந்தராஜின் முகம் பந்தல் துணியின் சிவப்புக்குப் போனது. சின்ன ஓஸ்தி வாங்கிவர யாரையாவது திண்டிவனத்துக்கு வண்டியில் அனுப்பு என்றார். போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். கார் டிரைவர் மணியைப் பார்த்தான். அதற்கு மேல் அவன் பார்க்கவில்லை.

"ஃபாதர், நீங்களே சொல்லுங்க. தெருக்காரங்களுக்குப் போயி துண்டக் குடுக்கறதா? இன்னா நெனைப்பாங்க?"

விமல்ராஜ் பூசையுடுப்பின் இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அமலா அவரைப் பார்க்கவில்லை. ஆனந்தராஜின் கக்கத்தில் இருந்த மலரைப் பார்த்தாள்.

"துண்டுலயும் ஆண்டவர் முழுசாதான் இருக்காருன்னு சார்தான் எனக்குச் சொன்னாரு சாமி. இப்போ மலருலயும் எழுதியிருக்காரு. பன்னெண்டாம் பக்கம், கடைசிப் பத்தி. வேணும்னா படிச்சிக் காட்டச் சொல்லுங்க."

வந்திருந்த இரண்டு சாமியார்களில் மூத்தவர் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றும் பழக்கம் அந்த உத்தியோகத்தில் சீக்கிரம் வந்துவிடும். விமல்ராஜ் கயிற்றின் முடிச்சைப் போட்டுவிட்டு, ஊருக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக, யாரையும் கேட்காமல் ஒரு வாக்கியம் சொன்னார்.

"தட்ட எடுங்க. போலாம்."

பூசையில் அப்பத்தைப் பிட்கும் நேரம் வந்தது. வழக்கமாகப் பத்து வினாடி ஆகும் வேலைக்கு அன்று மூன்று சாமியார்களும் சேர்ந்து இருபத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். பாடகர் குழு அந்த நேரத்துக்கென்று உள்ள ஆட்டுக்குட்டிப் பாட்டை ஒன்பது முறை பாடியது. பத்தாவது முறை ஆர்மோனியக்காரன் கையை எடுத்துவிட்டான். கோயில் முழுக்க அப்பம் பிட்கிற மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது.

இதுபோல ஆயிரம் பேருக்குப் பிட்டுப் பழக்கமில்லாத விமல்ராஜ், போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில், முதல் நான்கு அப்பங்களை நகத்தளவு துண்டுகளாகப் பிட்டுத் தள்ளிவிட்டார். பிறகுதான் தாராளமாக மீதி இருப்பது தெரிந்தது. மிச்ச ஆறும் பெரிய பெரிய துண்டுகளாயின. முறைப்படி தெருதான் முதலில் எழுந்து வந்தது. முறைப்படியே முதல் தட்டு அவர்களுக்குப் போயிற்று. வரிசையின் தலையில் நின்ற ஆனந்தராஜின் நீட்டிய நாக்கில் வைக்கப்பட்டது உளுத்தம்பருப்பை விடக் கொஞ்சம் பெரியது. காலனிக்கு வந்த துண்டுகள் பத்து ரூபாய் நாணய அளவில் இருந்தன. இதை அமலா திட்டமிடவில்லை. முதலில் வாங்கியே தீருவோம் என்றவர்களின் பங்கு அது. அவர்களுக்கே முறையாகப் போய்ச் சேர்ந்தது.

அன்று வாங்கியவர்கள் 869. தெருவில் நாற்பத்தேழு பேர் எழுந்திருக்கவே இல்லை. சாவான பாவம் செய்தவர் நன்மை வாங்கக்கூடாது; அதனால்தான் எழாமல் இருந்தார்கள் என்று யாரும் நம்பவில்லை. நாற்பது வருடமாகத் துண்டும் முழுசும் ஒன்றே என்று அடுத்தவனுக்குப் போதித்தவர்கள், தங்கள் முறை வந்தபோது பசியில்லை என்றார்கள். ஆனந்தராஜ் நம்பிக்கை அறிக்கையை மட்டும் உரக்கச் சொல்லியிருந்தார். அவ்வளவு நம்பிக்கை ஓர் உளுத்தம்பருப்பில் தொண்டையில் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு வேறொன்றும் நடந்தது. தெரு எழுந்தபோது காலனியிலிருந்து பதினான்கு பேரும் எழுந்து அதே வரிசையில் போய் நின்றார்கள். அதில் நான்கு பேர் மல்லாட்டைக் காட்டில் காத்தாயியோடு களை எடுத்தவர்கள். யாரும் அவர்களைத் தள்ளவில்லை. தள்ளுவதற்குக் கை வேண்டும். கமிட்டிக்காரர்களின் கை அப்போது பேனாவில் இருந்தது. முப்பத்தொரு கையெழுத்தோடு ஆயர் இல்லத்துக்கு மனு போயிற்று: நூற்றாண்டுப் பூசையின் மாண்பு குலைக்கப்பட்டது, ஓஸ்தி சுடும் பெண்ணை நீக்க வேண்டும்.

மனு போன விவரத்தை விமல்ராஜே வந்து அமலாவிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, நான் பேசிப் பாக்குறேன் அமலாம்மா."

"இன்னான்னு எழுதறது சாமி? பிட்டதுக்கா, எல்லாருக்கும் பத்துனதுக்கா?"

"வேலை போயிடும்மா."

"போவும். நீங்களாவது அன்னிக்கி தட்ட எடுத்தீங்களே. அத யாரும் இனிமே பூட்டி வெக்க முடியாது."

அவர் போனதும், தட்டுகள் ஆறும் வரை காத்திருந்து, அமலாவும் ஆயர் இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். இந்த முறை எண்கள் இல்லை. மகளிடம் டைப் செய்யவும் கொடுக்கவில்லை. தன் கையால், ஒரே கேள்வி: துண்டில் ஆண்டவர் முழுமையாக இருக்கிறாரா இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதினால் போதும். ஆம் என்றால் நான் செய்தது தவறில்லை. இல்லை என்றால் என் அம்மாவுக்கு நாற்பது வருடம் கொடுத்தது என்ன?

பதில் பதிவுத் தபாலில் வந்தது. அமலா கையெழுத்துப் போட்டு வாங்கி, அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே படித்தாள். முத்திரை வைத்த தாளில் இரண்டு பக்கம். அவளுடைய நீண்ட காலச் சேவைக்கு நன்றி. இரு தரப்பிலும் அன்பு நிலவ வேண்டும். ஜூலை முதல் தேதியிலிருந்து ஓஸ்திகள் வெளியூரில் இயந்திரத்தில் செய்யும் இடத்திலிருந்து, ஐந்நூறு கொண்ட பொட்டலங்களாக, ஞாயிற்றுக்கு இரண்டு வீதம் வரவழைக்கப்படும். ஆகவே எண்ணிக்கை போதாது என்ற பேச்சு இனி எழாது. தட்டுகளையும் அச்சுகளையும் பங்கு அலுவலகத்தில் ஒப்படைக்கவும். வரிசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆயிரம் ஓஸ்தி கொடுக்க அவர்களுக்கு நாற்பது வருடமும் ஒரு அவமானமும் தேவைப்பட்டன.

அமலா முதல் பக்கத்தை மறுபடி படித்தாள். இரண்டாம் பக்கத்தை மறுபடி படித்தாள். ஆம் என்றும் அதில் இல்லை. இல்லை என்றும் இல்லை. கடிதம் வந்து சேர்ந்த தேதி 16-6-2023.